கழிவுநீரிலிருந்து காஸும் கரண்டும் – நிந்தவூரில் தொடங்கிய ஒரு பாடம்



மலசலகூடக் குழிகளைப் பற்றி லயங்களில் கூட்டம் வைக்கும்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது. "ஐயா, கக்கூஸ் தண்ணியில இருந்து காஸ் எடுக்கலாமாம், கரண்டும் எடுக்கலாமாம், மெய்தானா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். மீதிப்பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். மெய்தான். ஆனால் எவ்வளவு எடுக்கலாம், எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கப் போனால் காசு வீண் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஆசைப்படக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

பாடத்தை மலையில் தொடங்காமல் கடற்கரையில் தொடங்குகிறோம். எங்களோடு வேலை செய்யும் ஒருவருக்கு நிந்தவூர்தான் சொந்த ஊர். அம்பாறை மாவட்டத்தில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பெரிய ரோட்டில், காரைதீவைத் தாண்டியதும் வரும் ஊர் அது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். அறுவடைக் காலத்தில் நாங்கள் சிலர் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம்.

மலையில் இருந்து போகிறவர்களுக்கு அங்கே முதலில் கண்ணில் படுவது மண். எங்கே கால் வைத்தாலும் மணல். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் வளவுக்கு வளவு கிணறு. அதே வளவில் மலசலகூடக் குழியும். இரண்டுக்கும் நடுவே இருப்பதோ தண்ணீரை வடிகட்டியில் ஊற்றினாற்போல விட்டுவிடும் மணல்.

வீட்டு உம்மாவிடம் கிணற்றைக் காட்டி, "இந்தத் தண்ணியக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டோம்.

"இல்ல மகன், இது குளிக்க, உடுப்புக் கழுவத்தான். குடிக்கப் பைப் தண்ணி வருது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நேரம் இந்த வளவில ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி. இப்ப பிள்ளைகளுக்கெல்லாம் கட்டிக் குடுத்து நாலு வீடு, நாலு குழி. கிணறு ஒண்டுதான். அப்ப அந்தத் தண்ணியில என்ன இரிக்கும் எண்டு நீங்களே யோசிங்க" என்றார்.

இதை நாங்கள் தோட்டத்துக் கணக்கில் மாற்றிப் பார்த்தோம். அங்கே மணல், இங்கே சரிவு. மேல் லயத்துக் கக்கூஸ் நிரம்பி வழிந்தால் அது கீழ் லயத்துப் பீலிக்குத்தான் வருகிறது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த நாளே வந்த கஷ்டம் தண்ணீர்தான். கடற்கரையோரத்துக் கிணறுகளுக்குள் உப்புத் தண்ணீரும் குழித் தண்ணீரும் ஒன்றாகப் புகுந்திருந்தன. அதைச் சொல்லும்போது உம்மாவின் குரல் இறங்கிவிட்டது. நாங்களும் மேலே கேட்கவில்லை.

குழி நிரம்பினால் பௌசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அப்படி உறிஞ்சிப் போவதையும், பெரிய நகரங்களில் குழாய் வழியே போவதையும் சுத்தம் செய்யும் இடம்தான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நம் நாட்டில் இவை மிகக் குறைவு. கண்டி நகரத்துக் கழிவுநீர் கன்னொறுவைக்குப் போகிறது. கொழும்பில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளமாகக் குழாய் இறக்கி, கழிவுநீரைத் தூரத்தில் கொண்டுபோய் விடும் ஏற்பாடு பல காலமாக இருந்து வருகிறது. காஸ் எடுத்துக் கரண்டாக்கும் கதையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் பாக்கு நீரிணையைத் தாண்டிச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். கழிவுநீர் என்று சொல்கிறோமே, அதில் ஆயிரம் பங்கில் 999 பங்கு வெறும் தண்ணீர். மிச்சம் ஒரு பங்குதான் அழுக்கு. அந்த ஒரு பங்கைத் தண்ணீரில் இருந்து பிரித்து எடுப்பதுதான் சுத்திகரிப்பு. அந்த ஒரு பங்கில்தான் காஸும் இருக்கிறது.

சாணியோ, மலமோ, மீந்த சோறோ காற்றுப் படாத இடத்தில் அடைபட்டுக் கிடந்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. இவை நோய் தரும் கிருமிகள் அல்ல. மாட்டின் வயிற்றுக்குள் புல்லைச் செரிக்க வைக்கும் கிருமிகளின் உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். முதலில் ஒரு கூட்டம் அழுக்கைப் புளிக்க வைக்கும். அடுத்த கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று காஸாக வெளியே விடும். அந்தக் காஸில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீதேன். எரிவது அதுதான். மிச்சத்தில் பெரும்பங்கு நாம் மூச்சு விடும்போது வெளியே தள்ளும் கரியமில வாயு. கொஞ்சூண்டு ஐதரசன் சல்பைட்டும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. இந்தக் கலவைக்குத்தான் பயோகாஸ் என்று பெயர்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறினால் குமிழி குமிழியாக வரும் காஸ் தீப்பிடிக்கும் என்பதை இத்தாலி நாட்டு வோல்ட்டா 1776 இலேயே காட்டிவிட்டார். மின்சாரத்தை 'வோல்ட்' கணக்கில் அளக்கிறோமே, அந்தப் பெயர் இவருடையதுதான். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்தில் கழிவுநீர்த் தொட்டியின் காஸைக் கொண்டு விளக்கு எரித்தார்கள். அதே காலத்தில், 1897 இல், பம்பாய் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் விடுதியில் மலசலகூடத்துக் கழிவிலிருந்து காஸ் எடுத்திருக்கிறார்கள். ஊரே ஒதுக்கி வைத்த மனிதர்களின் விடுதியில் இந்த வேலை நம் பக்கத்து நாட்டில் அத்தனை காலத்துக்கு முன்பே நடந்தது என்பது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம்.

சென்னையில் கூவமும் அடையாறும் நாறிக் கிடந்ததை அங்கே போய் வந்த நம்மவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆறுகளுக்குள் கழிவு போவதைக் குறைக்கச் சென்னைக் குடிநீர் வாரியம் நான்கு புதிய சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்ற இடங்களில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அவை ஓடத் தொடங்கின. நாளொன்றுக்குக் கொடுங்கையூரில் 11 கோடி லீற்றர், கோயம்பேட்டில் 6 கோடி, பெருங்குடியில் 5 கோடி 40 இலட்சம், நெசப்பாக்கத்தில் 4 கோடி. நான்கும் சேர்ந்து 26 கோடி 40 இலட்சம் லீற்றர். நான்கிலும் காஸ் எஞ்சின் வைத்துக் கட்டினார்கள்.

உள்ளே நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

குழாயில் வரும் தண்ணீரை முதலில் கம்பி வலையில் விட்டு, துணி, பொலித்தீன், குச்சி எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறார்கள். பிறகு மணலைப் படிய விடுகிறார்கள். அடுத்தது வட்டமான பெரிய தொட்டி. அதில் தண்ணீர் மெதுவாக நகரும். கனமான அழுக்கு அடியில் சேறாகப் படியும். மேலே உள்ள தண்ணீர் காற்றூதும் தொட்டிக்குப் போகும். அங்கே பெரிய பெரிய ஊதுகுழல் இயந்திரங்கள் தண்ணீருக்குள் காற்றை அடிக்கின்றன. காற்றில் வாழும் வேறு வகைக் கிருமிகள் தண்ணீரில் கரைந்த அழுக்கைத் தின்று பெருகுகின்றன. பெருகிய கிருமிக் கூட்டத்தை இன்னொரு தொட்டியில் படிய வைத்துப் பிரிக்கிறார்கள். மேலே தெளிந்த தண்ணீர் வெளியே போகும்.

இப்போது கையில் இருப்பது சேறு. முதல் தொட்டியில் படிந்த சேறும் கிருமிச் சேறும் சேர்ந்து, காற்றுப் புகாத மூடிய தொட்டிக்குள் போகின்றன. ஏறத்தாழ 35 பாகை சூட்டில் 20 முதல் 30 நாட்கள் வரை அங்கே ஊறும். மேலே காஸ் சேரும். அதை எடுத்து, முட்டை நாற்றக் காஸை நீக்கி (நீக்காவிட்டால் எஞ்சினின் இரும்பை அது அரித்துவிடும்), காஸில் ஓடும் எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். எஞ்சின் சுற்றினால் மின்பிறப்பாக்கி சுற்றும். கரண்டு வரும். அந்தக் கரண்டு ஊருக்குப் போவதில்லை. அந்த நிலையத்திலேயே காற்றூதும் இயந்திரத்துக்கும் பம்புக்கும் போகிறது. நிலையத்துக்குத் தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதியை அதன் சேறே கொடுத்துவிடுகிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கழிவிலிருந்து எடுக்கும் கரண்டு ஊரையே வெளிச்சமாக்கும் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது மிகை. காற்றடிக்கும் இயந்திரங்கள்தான் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்டு பில்லில் பாதி அளவுக்கு விழுங்குகின்றன. பில் கட்ட முடியாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அழுக்குத் தண்ணீர் அப்படியே ஆற்றுக்குப் போகும். ஆகவே காஸ் எஞ்சினின் பெரிய உதவி, ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலை பணமில்லாமல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் அபிப்பிராயத்தில் அதுவே போதும்.

இதையும் தாண்டிப் போனவர்கள் உண்டு. ஜோர்தான் நாட்டில் அம்மான் நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அஸ்-சம்ரா நிலையம் 2008 இல் வேலை தொடங்கியது. அங்கே காஸ் எஞ்சின் மட்டும் இல்லை. நகரம் உயரத்தில், நிலையம் பள்ளத்தில். இறங்கி வரும் கழிவுநீரிலேயே சுழலி வைத்துக் கரண்டு எடுக்கிறார்கள். நம் தோட்டங்களில் ஓடைத் தண்ணீரை இறக்கிச் சிறு நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்களே, அதே யோசனை. இரண்டும் சேர்ந்து அந்த நிலையத்தின் தேவையில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்து நிலையம், உணவுக் கழிவுகளையும் வெளியில் இருந்து வாங்கித் தொட்டியில் போட்டு, 2012 இல் தன் தேவைக்கு மேலேயே கரண்டு எடுக்கத் தொடங்கியது.

கணக்குக்கு வருவோம். கொப்பி பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளின் கழிவுநீரிலிருந்து இப்படிப்பட்ட பெரிய நிலையத்தில் நாளுக்குச் சுமார் 20 லீற்றர் காஸ் கிடைக்கும் என்று வையுங்கள். 1,000 லீற்றர் ஒரு கன மீற்றர். ஒரு கன மீற்றர் காஸ் எஞ்சினில் எரிந்தால் ஏறக்குறைய 2 யூனிட் கரண்டு. அப்படியானால் ஒரு இலட்சம் பேர் உள்ள நகரத்தில் நாளுக்கு 2,000 கன மீற்றர் காஸ், 4,000 யூனிட் கரண்டு. ஒரு இலட்சம் பேருக்கு 4,000 யூனிட் என்றால் ஆளுக்கு எவ்வளவு? 25 பேர் சேர்ந்தால்தான் ஒரு யூனிட். கூட்டம் பெரிதாக இருந்தால்தான் இது கட்டுப்படியாகும் என்பது இதனால்தான்.

நிந்தவூரில் நாங்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது நண்பரின் மூத்த காக்கா சொன்னார், "அப்ப கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாத்தையும் சேத்தா இலட்சத்தைத் தாண்டும்தானே தம்பி. செய்யலாமே?" தலைக்கணக்கு சரிதான். அந்தக் கரையில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு குழிதான் இருக்கிறது. பௌசர் உறிஞ்சிக்கொண்டு போகும் சேறு பல வருஷம் குழியிலேயே ஊறியது. அதில் இருந்த காஸில் பெரும்பகுதி குழியிலேயே வெளியாகிக் காற்றோடு போய்விட்டது. பழைய குழிச் சேற்றில் காஸ் தேடுவது கறந்த மாட்டை மறுபடி கறப்பது போல. புதுக் கழிவு அன்றன்றைக்குத் தொட்டிக்கு வர வேண்டும். அதற்கு நிலத்துக்கடியில் குழாய் வேண்டும். தோண்டிய உடனே தண்ணீர் ஊறும் மணலில் குழாய் பதிப்பது செலவு பிடித்த வேலை.

காக்காவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த ஊரில் காஸுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் மலையாகக் கிடக்கிறது. பாதியைக் கொளுத்துகிறார்கள். ஜா-எலவுக்குப் பக்கத்தில் ஏக்கலையில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலையே தொட்டியில் அடைத்துச் சில மாதங்களுக்குக் காஸ் எடுக்கும் முறையை நம் நாட்டுக்கென்றே உருவாக்கியது. சந்தையில் மீன் கழிவு, காய்கறிக் கழிவு இருக்கிறது. இப்போது இவையெல்லாம் குப்பையோடு குப்பையாகப் போகின்றன. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்று, எட்டு வருஷத்தில் இருபது அளவில் செத்துப்போன செய்தி 2022 ஜனவரியில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட வந்தது. யானை பொலித்தீனைத் தேடி வரவில்லை. அதில் ஒட்டியிருந்த சோற்றையும் பழத்தையும் தேடி வந்தது. அந்தச் சோறும் பழமும் தொட்டிக்குப் போயிருந்தால் அடுப்பு எரிந்திருக்கும்.

சரி, நம் லயத்துக்கு என்ன?

இந்தியாவில் சுலப் என்ற அமைப்பு இருக்கிறது. பிந்தேஷ்வர் பாடக் என்பவர் 1970 இல் பீகாரில் தொடங்கினார். மனிதன் மனிதனுடைய மலத்தைத் தலையில் சுமக்கும் கொடுமையை ஒழிக்க வாழ்நாள் முழுதும் உழைத்தவர். 2023 இல் காலமானார். அவர்கள் பொது மலசலகூடங்களோடு சேர்த்துக் காஸ் தொட்டி கட்டினார்கள். அவர்களுடைய அனுபவக் கணக்கு: ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு கன அடி காஸ். அதாவது 28 லீற்றர். சேறு பிரிக்காமல் மலம் முழுவதும் நேரே தொட்டிக்குப் போவதால் சென்னைக் கணக்கைவிடச் சற்றுக் கூட.

ஒரு லயத்தில் 50 பேர் என்றால் 1,400 லீற்றர், அதாவது 1.4 கன மீற்றர். ஒரு ஆளுக்குச் சமைக்க நாளுக்குச் சுமார் 250 முதல் 300 லீற்றர் வேண்டும். ஆக 50 பேருடைய கக்கூஸ் 5 பேருக்குத்தான் சோறாக்கும்! இதைக் கேட்டால் சிலருக்குச் சப்பென்று போய்விடும். வேறு விதமாகப் பாருங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றின் சூடு ஏறக்குறைய 28 கன மீற்றர் பயோகாஸுக்குச் சமம். அப்படியானால் 50 பேர் லயம் 20 நாளுக்கு ஒரு சிலிண்டர் காஸைக் கொடுக்கிறது. 2022 இல் ஒரு சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றவர்களுக்கு 20 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் என்னவென்று தெரியும்.

வீட்டுக்கு வீடு பங்கு போட முடியாது. பங்கு போடப் போனால் சண்டைதான் மிஞ்சும். எங்கள் யோசனை, பிள்ளை மடுவத்து அடுப்புக்குக் கொடுப்பது. பால் காய்ச்ச, கஞ்சி வைக்க, தண்ணீர் கொதிக்க வைக்க அது போதும். விறகுப் புகையில் இருமும் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் புகை நிற்கட்டும்.

மாடு இருந்தால் கணக்கு இன்னும் நல்லது. ஒரு கிலோ ஈரச் சாணியில் 40 லீற்றர் காஸ் வரும். பட்டியில் கட்டி வளர்க்கும் மாடு நாளுக்கு 10 கிலோ போட்டாலும், நாலு மாட்டுக்கு 40 கிலோ, 1.6 கன மீற்றர். கக்கூஸோடு சேர்த்தால் 3 கன மீற்றர். ஒரு கன மீற்றர் காஸ் மூன்றரைக் கிலோ விறகுக்குச் சமம் என்று கொண்டால் நாளுக்குப் பத்துக் கிலோ விறகு மிச்சம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி விறகுக் கட்டைத் தூக்கும் நம் பெண்களிடம் பத்துக் கிலோ என்றால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சூடான ஊருக்கு. நிந்தவூர் வெயிலில் கிருமி ஆடிப்பாடி வேலை செய்யும். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் அதுவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். வருஷத்தின் சராசரிச் சூடு 16 பாகை அளவில் உள்ள நுவரெலியா போன்ற இடத்தில் மேலே சொன்னதில் பாதி கிடைத்தாலே பெரிது. குளிருக்கு மருந்து மூன்று நான்கு உண்டு. தொட்டியை வெயில் படும் பக்கத்தில், மண்ணுக்குள் புதைத்துக் கட்ட வேண்டும். மேலே வைக்கோலோ கூட்டெருக் குவியலோ போட்டு மூடலாம். தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் சேறு அதிக நாள் ஊறும். கீழ்நாட்டில் 40 நாள் ஊறல் போதும், மேலே 60 நாளாவது வேண்டும். ஆளுக்கு நாளுக்கு 6 லீற்றர் கழிவும் தண்ணீரும், அதோடு 40 கிலோ சாணியும் என்றால் நாளுக்கு 340 லீற்றர். 40 நாளுக்கு 14 கன மீற்றர் தொட்டி. 60 நாளுக்கு 20 கன மீற்றர். இதில் குளியல் தண்ணீரையும் உடுப்புக் கழுவிய சவர்க்காரத் தண்ணீரையும் சேர்க்கவே கூடாது. ஜெயஸ், பிளீச்சிங் பவுடர் போன்றவற்றை அள்ளி ஊற்றினால் உள்ளே இருக்கும் கிருமிகள் செத்துவிடும். அதன் பிறகு தொட்டி வெறும் குழிதான்.

எங்கள் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பல வருஷத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் எங்கள் ஆலோசனைப்படி சாணிக் காஸ் தொட்டி ஒன்று கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு வாழை மரம் கட்டி, மேளம் அடித்து, அடுப்பைப் பற்ற வைத்துத் தேத்தண்ணி போட்டோம். நீலச் சுவாலையைப் பார்த்துக் கைதட்டினோம். எட்டு மாதம் நன்றாக எரிந்தது. பிறகு அந்த வீட்டில் ஒரு கலியாணம் வந்தது. இரண்டு மாட்டை விற்றார்கள். மிஞ்சிய ஒரு மாட்டுச் சாணியில் காஸ் பத்தவில்லை. தொட்டியின் மேல் ஒரு வெடிப்பு விழுந்தது. பூசத் தெரிந்த மேசன் பக்கத்தில் இல்லை. நாங்களும் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். கடைசியாகப் போய்ப் பார்த்தபோது அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. மாட்டுக் கணக்கைத்தான் கேட்டோமே தவிர, அந்த வீட்டில் அடுத்த வருஷம் என்ன செலவு வரும் என்று கேட்கவில்லை. ஒரு வீட்டை நம்பாமல் பல வீட்டுக்குப் பொதுவான இடத்தில் கட்ட வேண்டும் என்று இப்போது நாங்கள் சொல்வது அந்தப் பூசணிக்கொடி கற்றுக்கொடுத்தது.

இன்னொரு கேள்வியும் எங்கே போனாலும் வரும். "அந்தக் காஸில ஆக்கின சோத்தை எப்படிங்க சாப்பிடுறது?" நிந்தவூரிலும் கேட்டார்கள், தோட்டத்திலும் கேட்கிறார்கள். அருவருப்பு இயற்கை. அதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். எரிவது மீதேன் மட்டும்தான், எரிந்த பின் மிஞ்சுவது நீராவியும் கரியமில வாயுவும்தான் என்று எடுத்துச் சொல்லலாம். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாதவர்கள் குளிக்கச் சுடுதண்ணீர் வைக்கப் பயன்படுத்தட்டும். அல்லது சாணியை மட்டும் போட்டு ஒரு தொட்டி கட்டட்டும்.

தொட்டியிலிருந்து வெளியே வரும் கரைசல் நல்ல உரம். சாணித் தொட்டிக் கரைசலை மரக்கறிப் பாத்திக்கு ஊற்றலாம். கக்கூஸ் சேர்ந்த தொட்டியானால் அவசரப்பட வேண்டாம். குடற்புழுவின் முட்டை லேசில் சாவதில்லை. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோமே, அந்தப் பூச்சியின் முட்டைதான். அந்தக் கரைசலைப் பச்சையாகச் சாப்பிடும் இலைக்கும் கரட்டுக்கும் போடாமல், பல மாதம் மக்க வைத்து வாழைக்கும் மரத்துக்கும் போடுங்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மூடிக் கிடக்கும் குழிக்குள், அது காஸ் தொட்டியாக இருந்தாலும், சாதாரணக் கக்கூஸ் குழியாக இருந்தாலும், யாரும் இறங்கக் கூடாது. முட்டை நாற்றக் காஸ் கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் மூக்கை மரத்துப் போகச் செய்துவிடும். "நாத்தம் இல்லையே, ஒண்ணுமில்ல" என்று இறங்குகிறவன் அடுத்த மூச்சில் விழுகிறான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குகிறான், அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரன் இறங்குகிறான். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். விழுந்தவரைக் கண்டால் இறங்காதீர்கள். மூடியை முழுதாகத் திறந்து விடுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், வெளியில் நின்றபடியே கயிறு போடுங்கள். அடைப்பு எடுப்பதானால் நீண்ட கம்பு, பம்பு, பௌசர். ஆளை இறக்கச் சொல்லி யார் கட்டளையிட்டாலும் மறுத்துவிடுங்கள். மீதேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். குழிக்குள் எட்டிப் பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்காதீர்கள். சுருட்டை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போங்கள்.

நிந்தவூரில் இருந்து புறப்படும் நேரம் உம்மா ஒரு பையில் கருவாடும் தயிர்ச் சட்டியும் கட்டிக் கொடுத்தார். காக்கா எங்கள் கொப்பியில் இருந்த கணக்கைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக் கக்கூஸும் சந்தைக் கழிவும் சேர்த்தால் எத்தனை கன மீற்றர் தேறும் என்று பார்க்கப் போகிறாராம்.

நம் லயங்களிலும் அடுத்த கூட்டத்துக்கு முன் இதைச் செய்து வையுங்கள். உங்கள் கக்கூஸ் குழிக்கும் கிட்டத்தில் உள்ள பீலிக்கும் நடுவே எத்தனை அடி என்று கயிறு போட்டு அளக்கவும். 50 அடிக்குக் குறைவாக இருந்தாலோ, குழி பீலிக்கு மேல் சரிவில் இருந்தாலோ காஸ் பேச்சை ஒதுக்கி வைத்து முதலில் அதைச் சொல்லுங்கள். லயத்தில் எத்தனை பேர், பட்டியில் கட்டிய மாடு எத்தனை, அதில் இந்த வருஷம் விற்க நினைத்திருப்பது எத்தனை, பிள்ளை மடுவத்தில் நாளுக்கு எத்தனை கட்டு விறகு எரிகிறது, தொட்டி கட்ட வெயில் படும் இடம் எது, பூசத் தெரிந்த மேசன் எந்த டிவிசனில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதித் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். தாள் வந்த லயங்களுக்கு நாங்கள் நேரில் வருகிறோம். இந்த முறை மேசனையும் கூட்டிக்கொண்டு வருவோம்.